செஞ்சிக் கோட்டைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

செஞ்சிக்குப் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "ராஜகிரி உச்சி வரைக்கும் ஏறிட்டோம்" என்பதுதான் பெரும்பாலும் பதில். ராஜகிரி கோட்டையின் மூன்று குன்றுகளில் மிக உயரமானது. ஏறியது நல்லதுதான். ஆனால் ஏறி இறங்கிய களைப்பில் கல்யாண மகாலை ஒரு சுற்று, களஞ்சியத்தை வெளியிலிருந்து ஒரு பார்வை, வேங்கடரமணர் கோயில் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் பேருந்து நிலையம் என்று நாள் முடிந்துவிடுகிறது. இவ்வளவு தூரம் போய்விட்டு அப்படித் திரும்ப வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோட்டைக்குள் நுழையும்போது ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பகைவர் படை சூழ்ந்து நிற்கிறது, மாதக்கணக்கில் வாசல் திறக்காது என்றால், உள்ளே இருந்தவர்கள் எதைக் குடித்தார்கள், எதைத் தின்றார்கள், எங்கே தூங்கினார்கள், எதிரி வாசலை உடைத்தால் அடுத்து எங்கே ஓடினார்கள்? செஞ்சியில் உள்ள ஒவ்வொரு சுவரும் சுனையும் குழியும் இந்தக் கேள்விக்கான விடைதான். அரசர்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போவதைவிட இது பத்து மடங்கு உதவும்.

எந்த மாதம், எந்த நாள்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனால் குளங்களில் தண்ணீர் நிற்கும், மலை பச்சையாக இருக்கும், பாறை சுடாது. மார்ச் பிறந்ததுமே கருங்கல் சூடேற ஆரம்பித்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பகல் பத்து மணிக்கு மேல் ராஜகிரியில் ஏறுவது உடம்புக்கு ஆகாது. பள்ளி விடுமுறைக்குத்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியும் என்றால், மலையை விட்டுவிட்டு அடிவாரத்தில் உள்ள கீழ்க்கோட்டையை மட்டும் காலையில் பாருங்கள்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதும், பெய்து நின்ற உடனேயும் ஏற வேண்டாம். தேய்ந்த படிகளில் பாசி பிடித்திருக்கும். இடி மின்னல் நேரத்தில் மொட்டைப் பாறையில் நிற்பது ஆபத்து.

முடிந்தால் வாரநாளில் போங்கள். ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் கூட்டம். சித்திரையில் ராஜகிரிப் பாதையில் இருக்கும் கமலக்கண்ணி அம்மனுக்குத் திருவிழா நடக்கும். அதைப் பார்ப்பது தனி அனுபவம், கோட்டையை நிதானமாகப் பார்ப்பதற்கான நாள் அதுவல்ல.

முந்தைய நாள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

கொஞ்சம் பின்னணி தெரிந்திருந்தால் அங்கே கற்கள் பேசும். 1200-ஐ ஒட்டி ஆனந்தக் கோன் என்ற ஆயர் குலத்தவர் இங்கே முதல் கோட்டையைக் கட்டினார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. பிறகு விஜயநகரப் பேரரசின் கீழ் செஞ்சி நாயக்கர்கள் ஆண்டார்கள். களஞ்சியங்கள், கோயில்கள், மதில்கள் என்று இன்று நாம் காணும் கோட்டைக்குப் பெரும்பாலும் உருவம் கொடுத்தது அவர்கள் காலம். 1649-ல் பிஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி வந்து எடுத்துக்கொண்டு மதில்களை வலுப்படுத்தினார். அவர் செய்த வேலைகளை அக்காலத்து ஏசு சபைப் பாதிரியார் ஒருவரின் கடிதம் விவரிக்கிறது.

இங்கேதான் அந்தக் கேள்விக்கு உயிர் வருகிறது. சிவாஜியின் மகன் ராஜாராம், மராட்டிய நாட்டை ஔரங்கசீப்பின் படை நெருக்கியபோது தப்பித் தெற்கே வந்து 1689 இறுதியில் செஞ்சிக்குள் புகுந்தார். அடுத்த சில ஆண்டுகள் மராட்டிய அரசின் தலைநகரம் நம்முடைய இந்த ஊர்தான். 1690-ல் சுல்பிகர் கான் தலைமையில் முகலாயப் படை வந்து முற்றுகையிட்டது. நடுவில் உணவு கிடைக்காமல் தவித்தது முற்றுகையிட்ட படையே. 1693 தொடக்கத்தில் அது வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. திரும்ப வந்தது, விட்டது, மறுபடி வந்தது. 1698-ல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, அதற்குள் தப்பிப் போயிருந்தார்.

அதன்பின் வந்தவர் தேசிங்கு ராஜா. முகலாயர் நியமித்த பண்டேலா ராஜபுத்திரக் கோட்டைத் தலைவரின் மகன். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714-ல் போர்க்களத்தில் இறந்தபோது இளைஞன். ஆண்டது சில மாதங்கள். ஆனால் வட தமிழகத்துக் கிராமங்களில் பாடப்பட்டது அவன் கதைதான், அவனுடைய குதிரையும், கூடவே உயிர்விட்ட முகமதிய நண்பனுமாக. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஓர் இரவுத் தாக்குதலில் கோட்டையைப் பிடித்தார்கள். விடிந்ததும் தாங்கள் பிடித்தது எவ்வளவு பெரிய கோட்டை என்று பார்த்துத் தாங்களே மலைத்து நின்றதாகச் சொல்வார்கள். 1761-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1780-ல் சிறிது காலம் ஹைதர் அலியிடம் இருந்தது. அதற்குப் பிறகு போர் இல்லை, கவனிப்பும் இல்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது செஞ்சி.

போய்ச்சேருவது

திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் செஞ்சி இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்து சுமார் 70, திருவண்ணாமலையிலிருந்து 40-க்குள். சென்னை கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலை பேருந்து ஏறினால், திண்டிவனம் வழியாகப் போவதுதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்கள் திண்டிவனத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம்.

கோட்டை ஊருக்குள் இல்லை. செஞ்சிப் பேருந்து நிலையத்திலிருந்து திருவண்ணாமலைப் பக்கமாக இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். ஆட்டோ கிடைக்கும். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசி, "ராஜகிரி வாசல்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். காரணம், நெடுஞ்சாலையே கோட்டைக்கு நடுவில்தான் ஓடுகிறது. சாலைக்கு ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி. இரண்டுக்கும் வாசல் வேறு வேறு. மூன்றாவது குன்றான சந்திராயன் துர்க்கமும் சேர்ந்து ஒரு முக்கோணம். மூன்றையும் இணைக்கும் வெளிமதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுற்றளவு. சந்திராயன் துர்க்கத்துக்குச் சரியான பாதை கிடையாது, முள்ளும் புதரும்தான். முதன்முறை போகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

முந்தைய இரவே செஞ்சியிலோ திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ தங்கிவிடுவது நல்லது. காலையில் டிக்கெட் கொடுக்கத் தொடங்கும்போது நீங்கள் வாசலில் நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. மதியத்துக்கு மேல் ராஜகிரியில் ஏற விடமாட்டார்கள், மாலைக்குள் எல்லோரும் இறங்கியாக வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு ஏறலாம் என்பதை டிக்கெட் கொடுப்பவரிடமே கேளுங்கள்.

இது இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம். இந்தியருக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300 ரூபாய். 15 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. இலங்கையிலிருந்து வரும் நம்மவர்கள் கவனிக்க: சார்க் நாட்டவருக்கு இந்தியருக்கான கட்டணம்தான், கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கிருஷ்ணகிரி வாசலிலும் கேட்பார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். இதில் சமரசமே கூடாது, மேலே கடை எதுவும் இல்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில், அல்லது ஓ.ஆர்.எஸ். பொட்டலம். நன்றாகப் பிடிக்கும் ஷூ. செருப்போடு ஏறுகிறவர்களைப் பார்க்கலாம்தான், ஆனால் இறங்கும்போது படும் பாட்டையும் பார்க்கலாம். தொப்பி, பருத்தி உடை, ஒரு சின்ன டார்ச். களஞ்சியங்களுக்குள் நல்ல இருட்டு, செல்போன் வெளிச்சம் கூரை வரை எட்டாது.

தின்பண்டம் கொண்டுபோனால் பைக்குள் மூடி வையுங்கள். ராஜகிரிக் குரங்குகளுக்குப் பாலித்தீன் பை என்றால் சாப்பாடு என்று நன்றாகத் தெரியும். கையில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போனால் பிடுங்காமல் விடாது. பிடுங்கினால் இழுபறி செய்யாதீர்கள், விட்டுவிடுங்கள். கண்ணைப் பார்த்து முறைக்கவோ சிரிக்கிறேன் என்று பல்லைக் காட்டவோ வேண்டாம், அதைச் சண்டைக்கு அழைப்பதாகவே எடுத்துக்கொள்ளும். இரக்கப்பட்டுப் பிஸ்கட் போடுகிறவர்கள்தான் அடுத்து வருகிறவருக்குக் கடி வாங்கித் தருகிறார்கள்.

காலைச் சாப்பாட்டை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு இட்லி, கொஞ்சம் பொங்கல் போதும், வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏற முடியாது. கழிப்பறை வசதி கீழேதான், ஏறும் முன் போய்வந்துவிடுங்கள்.

முதலில் ராஜகிரி

கீழ்க்கோட்டையின் கட்டடங்கள் நுழைந்ததுமே கண்ணை இழுக்கும். அப்போது நிற்காதீர்கள். வெயில் ஏறுவதற்குள் மலையை முடித்துவிட்டு, உச்சி வெயிலில் கீழே உள்ள நிழலான கட்டடங்களுக்கு வருவதுதான் முறை. ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர்.

படிகள் ஒரே அளவில் இருக்காது. சில இடத்தில் அரை அடி, சில இடத்தில் ஒன்றே கால் அடி. இப்படிப்பட்ட படிகளில் வேகமாக ஏறினால் பத்தாவது நிமிடமே மூச்சு வாங்கும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச முடியவில்லை என்றால் நின்றுவிடுங்கள். நிற்கும்போதெல்லாம் திரும்பிக் கீழே பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கோட்டையின் வரைபடம் இன்னும் கொஞ்சம் விரியும். வேலூர் வாசல் எங்கே, புதுச்சேரி வாசல் எங்கே, மதில் எந்தக் குன்றின் தோளில் ஏறி எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் மேலிருந்துதான் புரியும்.

வழியில் வாசல் மேல் வாசலாக வரும். அவற்றில் எதுவும் நேருக்கு நேராக இல்லாததைக் கவனியுங்கள். ஒரு வாசலைத் தாண்டினால் பாதை சட்டென்று திரும்பும், திரும்பிய இடத்தில் மேலே சுவர் இருக்கும். யானையையோ கதவை இடிக்கும் பெருமரத்தையோ ஓடிவந்து மோத விடாமல் செய்வதற்கான ஏற்பாடு அது. திரும்புகிற இடத்தில் நீங்கள் நிற்கும்போது, மேலே எத்தனை இடத்திலிருந்து உங்கள் தலைமேல் கல் போட முடியும் என்று அண்ணாந்து எண்ணிப் பாருங்கள்.

பாதிவழிக்கு மேல் கமலக்கண்ணி அம்மன் கோயில். கோட்டைக்குக் காவல் தெய்வம். கோட்டையில் அரசு மாறிக்கொண்டே இருந்தது, அம்மனுக்கான வழிபாடு மட்டும் ஊர்க்காரர்கள் கையில் விடாமல் நிற்கிறது. கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க ஏற்ற இடம். மூட்டுவலி உள்ளவர்கள், இதயக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இத்துடன் திரும்பிவிடலாம், குறை ஒன்றும் இல்லை.

இனி செஞ்சியிலேயே நான் முதலிடம் கொடுக்கும் இடம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கையாக இருந்த பிளவை இன்னும் நீளமாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். உச்சிக்கோட்டைக்குப் போக இதன்மேல் போட்ட ஒரு சின்னப் பாலம் தவிர வேறு வழி இல்லை. பாலத்தின் நடுவில் நில்லுங்கள். நீங்கள் வந்த பக்கம் குறுகலான படி, எதிரே ஒடுங்கிய வாசல், இரு பக்கமும் செங்குத்துப் பாறை. கீழே அத்தனை மதில்களும் வாசல்களும் விழுந்தாலும், பலகையை எடுத்துவிட்டால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே இந்த இடத்தைக் காக்கலாம். எட்டாண்டு இழுத்த முற்றுகையைப் பற்றிப் படித்தது எல்லாம் இந்த ஓரிடத்தில் விளங்கிவிடும். குழந்தைகளின் கையை இங்கே விடக்கூடாது. படமெடுக்கப் பின்னால் நகர்ந்துகொண்டே போவதும் கூடாது.

உச்சியில்

மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், கருவூலம் என்று சொல்லப்படும் கட்டடம், கிழக்கே பார்த்த ஒரு நீளமான பீரங்கி. மணிக்கூண்டுதான் கீழிருந்து நம் கண்ணுக்கு முதலில் தெரிவது. எல்லோரும் அங்கேயும் பீரங்கியிடமும்தான் கூடுவார்கள். நீங்கள் தண்ணீரைத் தேடுங்கள். இந்த மொட்டைப் பாறையில் வற்றாத சுனை இருக்கிறது. மழைநீரைத் தேக்கப் பாறையில் தொட்டி வெட்டி வைத்திருக்கிறார்கள். பாறை எந்தப் பக்கம் சரிகிறது, மழைத் தண்ணீர் எந்தக் கோட்டில் ஓடி எங்கே போய்ச் சேரும் என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் மேலே இருந்த அத்தனை படைக்கலமும் ஒரு வாரத்துக்குக்கூட உதவியிருக்காது. அந்தத் தண்ணீரை இன்று குடிக்காதீர்கள்.

கிருஷ்ணகிரியை இங்கிருந்தே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் ஏறப்போகும் பாதை தெரியும்.

இறங்கும்போதுதான் பலருக்கும் கால் பிசகுகிறது. முழங்காலை லேசாக மடக்கியே வையுங்கள், உயரமான படிகளில் பக்கவாட்டாக இறங்குங்கள்.

உச்சி வெயிலில் கீழ்க்கோட்டை

ஏற முடியாதவர்களும் வயதானவர்களும் நேராக இங்கேயே வந்துவிடலாம். பெரும்பாலும் சமதரை. மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பார்க்க இருக்கிறது.

கல்யாண மகாலில் ஆரம்பியுங்கள். சதுர முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவில் அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பாக முடியும் கோபுரம். மாடத்தின் ஒவ்வொரு தளத்திலும் நடுவில் ஒரு சின்ன அறை, அதைச் சுற்றி வளைவுகள் வைத்த நடைபாதை. குறுகிய படி. உள்ளே நின்றால் நாலு பக்கமும் காற்று. சுவரோரம் பாருங்கள்: கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீரை மேல்தளம் வரை ஏற்றியிருக்கிறார்கள். ஊற்று ஒரு மட்டத்தில் இருக்கிறது, குழாயை மூடியே கொண்டுவந்தால் தண்ணீர் அந்த மட்டம் வரை தானாக ஏறும். இதை அறிந்து கட்டிய கொத்தனார்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

மேல்தளம் போகும் படி சில சமயம் பூட்டியிருக்கும். திறந்திருந்தாலும் ஒருவர் இறங்கியபின் ஒருவர் ஏறுங்கள்.

அடுத்து களஞ்சியம். கனத்த சுவர், மேலே வளைந்த செங்கல் கூரை, ஜன்னல் என்று பெரிதாக எதுவும் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெளியே கொளுத்தும் வெயிலிலும் சுவர் குளிர்ந்திருக்கும். நெல் சூடாகக் கூடாது, ஈரமும் ஏறக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கனம். வௌவால் நாற்றம் அடிக்கும், மூக்கில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளலாம். உள்ளே கத்தி எதிரொலி கேட்கும் வழக்கத்தைப் பிள்ளைகள் ஒருமுறையோடு நிறுத்திக்கொள்ளட்டும், வௌவால்கள் பகலில் தூங்குகின்றன.

அருகிலேயே வீரர்களும் குதிரைகளும் தங்கியிருந்த நீண்ட வரிசைக் கட்டடங்கள், உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம். இவற்றைச் சும்மா நடந்தே பார்த்துவிடலாம். நடக்கும்போது கட்டுமானப் பொருளைக் கவனித்து வாருங்கள். அடியில் பெரிய கருங்கல்லைச் சாந்தே இல்லாமல் பொருத்திய மதில், அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து உயர்த்திய கைப்பிடிச் சுவர், அதில் துப்பாக்கி நீட்டத் துளைகள் என்று ஒரே சுவரில் அடுக்கு மாறும் இடங்கள் உண்டு. வில்லும் வேலும் இருந்த காலத்துச் சுவர்மேல் வெடிமருந்துக் காலம் ஏறி உட்கார்ந்திருப்பது அப்படித்தான் தெரியும். சாதத்துல்லா கான் தேசிங்கை வென்றபின் 1717-18-ல் கட்டிய பள்ளிவாசலும் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது.

சக்கரக்குளம், செட்டிக்குளம் இரண்டும் சற்றுத் தள்ளி. செட்டிக்குளக் கரையில் ஒரு மேடை காட்டுவார்கள். தேசிங்கின் உடலை எரித்த இடம், அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறிய இடம் என்று ஊரார் சொல்வது அதைத்தான். ராணிப்பேட்டை என்ற ஊருக்குப் பெயர் வந்தது அவளால்தான் என்பார்கள். சக்கரக்குளத்துப் பக்கம் கைதிகள் கிணறு. ஒரு பெரும்பாறை, உள்ளே இயற்கையான பொந்து, மேலே செங்கல் வைத்துக் கட்டிய விளிம்பு. மரண தண்டனை பெற்றவர்களை இதற்குள் தள்ளிப் பட்டினியால் சாக விட்டார்கள் என்கிறார்கள். அதன்மேல் ஏறி எட்டிப்பார்க்க முயலாதீர்கள். அங்கே நின்று சிரித்துப் படமெடுப்பதையும் தவிர்க்கலாம் என்பது என் எண்ணம்.

வேங்கடரமணர் கோயிலைத் தவறவிடாதீர்கள்

புதுச்சேரி வாசல் பக்கம் தனியாக நிற்பதால் பாதிப் பேர் பார்க்காமலே போகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் முத்தியாலு நாயக்கர் காலத்தில் எழுந்த கோயில், செஞ்சிக் கோயில்களிலேயே பெரியது. கோபுர வாசலுக்குள் நுழைந்ததும் உடனே நடந்துவிடாதீர்கள், இரண்டு பக்கச் சுவரிலும் சிற்பப் பலகைகள் இருக்கின்றன. பாற்கடல் கடையும் காட்சி, ராமாயணக் காட்சிகள், திருமாலின் அவதாரங்கள். பக்கவாட்டிலிருந்து விழும் மாலை வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும், மதியத்தில் தட்டையாக இருக்கும்.

உள்ளே மண்டபங்களில் தூண் நிற்க வேண்டிய சில இடங்கள் வெறுமையாக இருப்பதைக் கவனிப்பீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்த பெரிய ஒற்றைக்கல் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கிருஷ்ணகிரி

மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் போய்வந்து, வெயில் தாழ ஆரம்பித்ததும் ஏறலாம். ராஜகிரியைவிட உயரம் குறைவு, படிகளும் சற்று ஒழுங்கு. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் போதும். உள்ளூரில் ராணிக்கோட்டை என்பார்கள். கால் வலித்தால் இதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு மலையையும் முடித்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

உச்சியில் குவிமாடம் வைத்த கொலு மண்டபம் அழகு. வளைவுகளுக்கு இடையே உட்கார இடம் விட்டிருக்கிறார்கள், மலைக்காற்று நேராக வரும். அதைவிட எனக்குப் பிடித்தது, நெய்யும் எண்ணெயும் சேமித்து வைக்க அமைத்த கிணறு போன்ற தொட்டிகள். நீர், நெல், நெய், எண்ணெய், வெடிமருந்து என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தால் அது இங்கே நிறைவாகும்.

செய்யக்கூடாதவை

சுவரில் பெயர் கிறுக்குவது குற்றம். 1958-ம் ஆண்டுப் புராதனச் சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள்: இருநூறு முந்நூறு ஆண்டுச் சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை உதிர்ந்தால் திரும்பப் பூசினாலும் அது வேறு பூச்சுதான். கல்யாண மகாலின் தூண்களில் ஆணியால் கீறிய இதயங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. உங்களோடு வருகிற பிள்ளை சாவியை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

டிரோன், முக்காலி இரண்டுக்கும் முன் அனுமதி வேண்டும். குளங்களில் இறங்காதீர்கள், படிக்குக் கீழே ஆழம் தெரியாது. பானை ஓடு, பழைய செங்கல் எதையும் நினைவுப்பொருள் என்று எடுத்து வராதீர்கள், அவை கிடக்கிற இடத்தில் கிடந்தால்தான் ஆய்வாளருக்குப் பயன். பாதையை விட்டுப் புதருக்குள் போனால் பாம்பு உண்டு. கொண்டுபோன பிளாஸ்டிக் பாட்டில் எத்தனையோ, அத்தனையும் உங்களோடு கீழே வர வேண்டும்.

அங்கே வேலை பார்க்கும் காவலர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பலரும் சுற்று ஊர்க்காரர்கள். எந்தப் படி ஆடுகிறது, எந்தச் சுனையில் இப்போது தண்ணீர் நிற்கிறது, குரங்குக் கூட்டம் இன்று எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு காலை கையில் இருந்தால்

ஊரை ஒட்டிச் சிறுகடம்பூர்ப் பக்கம் திருநாதர்குன்று. ஒரே பாறை முகத்தில் சமணர்கள் வழிபடும் 24 தீர்த்தங்கரர்களும் இரு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு: "ஐம்பத்தேழனசனந் நோற்ற சந்திரநந்தி ஆசிரிகரு நிசீதிகை". ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சமண ஆசிரியர் ஒருவரின் நினைவிடம். தமிழ் எழுத்தில் 'ஐ' கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்றாக எழுத்தியல் படித்தவர்கள் இதைக் குறிப்பிடுவார்கள். கோட்டையைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. காலை வெயிலில் எழுத்துகளை எளிதாகப் படிக்கலாம்.

சிங்கவரத்தில் குடைவரைக்குள் பள்ளிகொண்ட ரங்கநாதர், செஞ்சியிலிருந்து சில கிலோமீட்டர்தான். விழுப்புரம் சாலையில் போனால் மண்டகப்பட்டு வரும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இக்கோயிலை அமைத்தேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் கல்லில் பொறித்து வைத்த குடைவரை அங்கே இருக்கிறது.

புதுச்சேரி வழியாக ஊர் திரும்புகிறவர்கள் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே பத்து நிமிடம் இறங்குங்கள். சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. வேங்கடரமணர் கோயிலில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, தூணின் அடிச் சதுரத்தில் உள்ள சிற்பங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.